கோபமா, கண் கூச்சமா?

கல்யாண மண்டபத்து வாசலில் உச்சிவெயிலில் நிற்கவைத்து எடுத்த போட்டோ ஒன்று அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில் மாமா யாரையோ முறைத்துக்கொண்டு நிற்பார். அத்தைக்குத் தீராத வருத்தம் ஏதோ இருப்பதாகத் தெரியும். சின்னப் பிள்ளை அழப்போகிற முகத்தோடு நிற்கும். பின்னாளில் ஆல்பத்தைப் புரட்டும்போது, "ஏம்மா இப்படி மொறைச்சுக்கிட்டு நிக்கிறே?" என்று கேட்டால், "வெயில் கண்ணு கூசிச்சு" என்று பதில் வரும். அன்றைக்கு யாருக்கும் கோபமில்லை, வருத்தமும் இல்லை. ஆனால் முகத்தில் இரண்டும் பதிந்திருக்கின்றன. மனத்தில் இல்லாத ஒன்று முகத்துக்கு எங்கிருந்து வந்தது?

நம் வீட்டுப் படம் என்றால் இதில் சிக்கல் இல்லை. ஆட்களைத் தெரியும், அன்றைய வெயிலும் நினைவிருக்கும். முன்பின் தெரியாதவர்களின் படத்தைப் பார்க்கும்போதுதான் தவறு நேர்கிறது. அந்தத் தவறு அன்றாடம் நடக்கும் இடங்களில் ஒன்று, சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் மரக்காணம். ஆந்திரக் கரையிலிருந்து கடலோரமாகவே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது இங்கேதான். கழுவெளி ஏரியின் நீர் கடலோடு கலப்பதும் இந்தப் பக்கத்தில்தான். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காண்கிறார்கள். சாலையிலிருந்து பார்த்தாலே உப்பளங்கள் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் பாத்திகளைச் செப்பனிட்டு ஆரம்பிக்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை நடக்கும். வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஆகவே மனிதர்கள் ஒதுங்க நினைக்கும் சித்திரை, வைகாசி மாதங்கள்தான் உப்பளத்துக்கு நல்ல மாதங்கள்.

கேமராவோடு வருகிறவர்கள் காரை ஓரம் கட்டிவிட்டு, உப்பு வாருகிறவர்களைப் படம் எடுக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் கறுத்த முகம், நெரிந்த புருவம், இடுங்கிய கண். படத்துக்குக் கீழே 'துயரத்தின் முகம்' என்றோ 'உழைப்பின் கோபம்' என்றோ ஒரு வரி சேர்ந்துவிடுகிறது. உப்பள வேலை கடினமானது என்பதிலோ கூலி குறைவு என்பதிலோ எனக்கு மறுப்பில்லை. அவற்றைப் பற்றி எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு நொடியில் படத்தில் இருப்பவர் என்ன உணர்ந்தார் என்பதற்கு அவருடைய நெரிந்த புருவத்தைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒளியியலில் கொஞ்சமும், உடற்கூறில் கொஞ்சமும், தொல்காப்பியத்தில் கொஞ்சமும் விடை இருக்கிறது.

முதலில் ஒளி. ஒரு பெரிய உப்புக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது கண்ணாடியாகத் தெரியும். உப்புக்கு என்று வெள்ளை நிறம் இல்லை. கோடிக்கணக்கான சிறு படிகங்கள் குவிந்து கிடக்கும்போது, உள்ளே புகும் ஒளி ஒவ்வொரு முகப்பிலும் சிறிது திரும்பி, சிறிது வளைந்து, எல்லாத் திசைகளிலும் சிதறி வெளியேறுகிறது. எந்த நிறத்தையும் அதிகமாக விழுங்காமல் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவதால் குவியல் வெள்ளையாகத் தெரிகிறது. பாத்தியில் நிற்கும் உப்புநீர் வேறொரு வேலை செய்கிறது. அதன் தட்டையான மேற்பரப்பு சூரியனின் பிம்பத்தையே கண்ணில் எறிகிறது. ஆக உப்பளத்தில் நிற்பவருக்குச் சூரியன் மேலே ஒன்று, நீரில் ஒன்று. இவை போதாதென்று சுற்றியுள்ள உப்பு அம்பாரம் ஒவ்வொன்றும் ஒரு விளக்கு.

இதில் திசைதான் முக்கியம். மனிதக் கண்ணுக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்புகளில் பெரும்பாலானவை மேலிருந்து வரும் ஒளிக்கானவை. புருவ எலும்பு ஒரு தாழ்வாரம். அதன்மேல் புருவ மயிர், அதற்குக் கீழே இமையும் இமைமயிரும். தலையில் கட்டும் துண்டும் முன்னுக்கு இழுத்துவிட்ட முந்தானையும் அந்தத் தாழ்வாரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுகின்றன. ஒளி தரையிலிருந்து எழும்பி வரும் இடத்தில் இவற்றால் பெரிய பயனில்லை. அங்கே கண்ணைக் காக்கக் கன்னம்தான் மேலேற வேண்டும்.

கண் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. கண்மணியின் நடுத்துளை, இருட்டில் சுமார் 8 மில்லிமீட்டர் விட்டத்துக்கு விரியும். வெயிலில் சுமார் 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். விட்டம் நான்கில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்றாகும். அதாவது உள்ளே வரும் ஒளியைப் பதினாறு மடங்குதான் குறைக்க முடியும். நிலவொளிக்கும் நண்பகல் வெயிலுக்கும் உள்ள வித்தியாசமோ பல லட்சம் மடங்கு. மிச்ச வேலையை விழித்திரை தன் உணர்திறனை மெல்ல மெல்ல மாற்றிச் சமாளிக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. துளை முழுக்கச் சுருங்கி, விழித்திரையும் தன்னால் ஆனதைச் செய்த பிறகும் ஒளி மிஞ்சினால், இமையும் புருவமும் கன்னமும் களத்தில் இறங்குகின்றன. அதைத்தான் நாம் கண் கூசுதல் என்கிறோம்.

கூச்சத்தில் ஒரு வலி இருக்கிறது. அந்த வலி பார்வையோடு ஒட்டியதல்ல என்பது இந்த நூற்றாண்டில் தெரியவந்த செய்தி. 2002-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சனும் உடன் பணிபுரிந்தோரும், விழித்திரையில் உருவம் காண்பதற்கான செல்களைத் தவிர, தாமே ஒளியை உணரும் வேறொரு வகை நரம்புச் செல்களும் உண்டு என்று காட்டினார்கள். வெளிச்சம் எவ்வளவு என்ற கணக்கை மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. பிறகு 2010-இல் பாஸ்டனில் ரோட்ரிகோ நோசேடா, ராமி பர்ஸ்டீன் குழுவினர் ஒற்றைத் தலைவலி உள்ள பார்வையற்றவர்களை ஆராய்ந்தார்கள். உருவம் எதுவும் தெரியாவிட்டாலும் வெளிச்சத்தை மட்டும் உணரக்கூடியவர்களுக்கு, வெளிச்சம் பட்டதும் தலைவலி கூடியது. ஒளியையே உணராதவர்களுக்குக் கூடவில்லை. ஒளியின் செய்தி, வலியைக் கொண்டுசெல்லும் நரம்புப் பாதையோடு மூளைக்குள் ஓரிடத்தில் சேர்கிறது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. கூச்சத்துக்கு எண்ணம் தேவையில்லை, காட்சிகூடத் தேவையில்லை.

இனி முகம். உடம்பின் மற்ற தசைகள் பெரும்பாலும் எலும்பிலிருந்து எலும்புக்குப் போகின்றன. முகத்துத் தசைகளின் மறுமுனை தோலில் முடிகிறது. அதனால்தான் அவை சுருங்கும்போது மூட்டு அசைவதில்லை, தோல் மடிகிறது. இந்தக் கதைக்கு மூன்று தசைகள் போதும். கண்ணைச் சுற்றி வட்டமாக ஓடும் கண்வளையத் தசை. இமையை மூடுவதும் கன்னத்தை மேலிழுப்பதும் அதன் வேலை. புருவத்தின் உள்முனையில் இருக்கும் சிறிய புருவச்சுருக்கித் தசை; புருவங்களைக் கீழிறக்கி ஒன்றையொன்று நெருங்கவைத்து, நடுவே செங்குத்தான கோடுகளை உண்டாக்குவது அது. மூன்றாவது, புருவத்தை மேலே தூக்கும் நெற்றித் தசை. இம்மூன்றையும் இயக்குவது முக நரம்பு என்ற ஒரே நரம்புதான், பக்கத்துக்கு ஒன்றாக.

ஆனால் அந்த நரம்புக்குக் கட்டளை பல இடங்களிலிருந்து வருகிறது. இதை மருத்துவர்கள் நோயாளிகளிடமிருந்து கற்றார்கள். மூளையின் மேற்பரப்பில் ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட சிலரிடம் "சிரியுங்கள்" என்று சொன்னால் வாய் ஒரு பக்கம்தான் விரியும். அவரே மறந்து சிரிக்கும்படி வேடிக்கையாக ஏதாவது சொன்னால் இரு பக்கமும் மலரும். நேர்மாறானவர்களும் உண்டு. கேட்டால் சரியாகச் சிரிப்பார்கள், தன்னை மறந்து சிரிக்கும்போது ஒரு பக்கம் அசையாது. ஆகவே விருப்பத்துக்கு ஒரு வழி, உணர்ச்சிக்கு இன்னொரு வழி. கண் கூச்சத்துக்கு மூன்றாவது வழி. அது மூளைத்தண்டிலேயே முடிந்துவிடும் அனிச்சைச் செயல். மூன்று கட்டளைகளும் கடைசியில் ஒரே நரம்பில் இறங்கி ஒரே தசையைச் சுருக்குகின்றன. ஊர்க்கிணற்றுக் கயிற்றை யார் இழுத்தாலும் கயிறு இறுகுவது ஒரே மாதிரிதான். கயிற்றை மட்டும் பார்த்து, இழுக்கிறவர் யார் என்று சொல்ல முடியாது.

சார்லஸ் டார்வின் இதை நன்றாகக் கவனித்திருந்தார். மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதம் பற்றி அவர் 1872-இல் வெளியிட்ட நூலுக்காக, சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கேள்வித்தாளை உலகம் முழுவதும் அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து ஸ்காட் என்பவரும், இலங்கையிலிருந்து கிளெனி என்ற பாதிரியாரும் பதில் எழுதினார்கள். அந்த நூலில் துயரத்தைப் பேசும் அத்தியாயத்தில் ஒரு சிறிய சோதனை வருகிறது. டார்வின் தம் பிள்ளைகள் மூவரை, காரணம் சொல்லாமல், கண்ணைப் பறிக்கும் வானத்தின் பின்னணியில் நிற்கும் உயரமான மரமொன்றின் உச்சியை முடிந்தவரை உற்றுப் பார்க்கச் சொன்னார். ஒளியைத் தாங்க முடியாமல் கண்வளையத் தசையும் புருவச்சுருக்கியும் மூவருக்கும் பலமாகச் சுருங்கின. ஆனால் பிள்ளைகள் மேலே பார்த்தே ஆகவேண்டும் என்று முயன்றதால் நெற்றித் தசை புருவத்தைத் தூக்கப் பார்த்தது. இந்த இரண்டுக்கும் நடந்த போராட்டத்தில், துயரப்படுகிறவர் முகத்தில் காணும் புருவக் கோணலும் நெற்றி மடிப்புகளும் அந்தப் பிள்ளைகளில் இருவருக்கு வந்தன. அவர்கள் எதற்காகவும் துயரப்படவில்லை. மரத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதை முதலில் படித்தபோது எனக்கு மரக்காணத்துப் பாத்திகள்தான் கண்ணில் வந்தன. குனிந்து வாருகிறவர் நிமிர்ந்து, வரப்பில் நிற்பவர் கூப்பிடும் திசையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் டார்வினின் சோதனை திரும்ப நடக்கிறது. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்கள் இதை எண்ணி வைக்கவில்லை. என்றாலும் அந்தக் கரையில் வெளிச்சமே முகத்தில் இரங்கலை எழுதுகிறது என்பது என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

அதே கண்வளையத் தசைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் வெளியிட்ட நூலில், முகத்தில் தொடு உணர்வு குன்றிய ஒரு முதியவரின் தசைகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாகச் சுருங்கவைத்துப் படம்பிடித்திருந்தார். வாயோரத் தசையை மட்டும் தூண்டினால் சிரிப்பு வந்தது, ஆனால் பொய்யாக இருந்தது. கன்னம் மேலேறி, கீழிமை உயர்ந்து, கண்ணோரம் சுருங்கினால்தான் அது மகிழ்ச்சியாகத் தெரிந்தது. அந்தப் பகுதி மனத்தின் ஆணைக்குக் கட்டுப்படாது, உண்மையான மகிழ்ச்சிக்கே அசையும் என்று அவர் நம்பினார். பலரால் வேண்டுமென்றே அப்படிச் செய்ய முடியும் என்று பின்வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். உப்பளத்து வெளிச்சத்தாலும் முடியும். கீழிருந்து வரும் ஒளியைத் தடுக்க மேலேறுவது அதே கன்னம்தான், சுருங்குவது அதே கண்ணோரம்தான். அதனால் ஒரே ஆள், ஒரே வெயிலில், தலையைத் தூக்கினால் துயரமாகவும் நேரே பார்த்தால் கோபமாகவும் உதட்டோரம் சற்று நெகிழ்ந்தால் ஆனந்தமாகவும் தெரியக்கூடும்.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூலியோ மார்ட்டினெஸ் ட்ருஹீயோவும் வேறு நாட்டு ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் முகங்களை உருவாக்கி, பார்ப்பவரின் ஒரு கண்ணுக்குக் கண்சுருங்கிய முகத்தையும், மறு கண்ணுக்குச் சுருங்காத முகத்தையும் காட்டினார்கள். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டினால் மூளை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் முன்னே கொண்டுவரும். அது முன்னே கொண்டுவந்தது பெரும்பாலும் கண்சுருங்கிய முகத்தையே. சிரிக்கும் முகமானால் கூடுதல் மகிழ்ச்சியாகவும், சோகமான முகமானால் கூடுதல் சோகமாகவும், அதிக உண்மையாகவும் அது தெரிந்தது. கண் சுருங்குவது தனக்கென்று ஓர் உணர்ச்சியைச் சொல்லவில்லை. முகத்தில் இருக்கிற உணர்ச்சியைப் பெரிதாக்குகிறது. உப்பளத்துப் படங்கள் நம்மை ஏன் அப்படி அசைக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்க்கவில்லை. சாதாரணக் களைப்பு ஆழ்ந்த துயரமாகவும், சின்னப் புன்னகை பெரும் சிரிப்பாகவும் ஏறித் தெரிகிறது. ஏற்றிவைத்தது வெளிச்சம்.

இந்த இடத்தில் நம் மொழியில் ஒரு பழைய சொல் உதவிக்கு வருகிறது: மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே இருக்கிறது. முகபாவம் என்று இன்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மெய்ப்பாடு அதைவிட விரிந்தது, கண்டிப்பானதும்கூட. மெய் என்றால் உடம்பு. முகம் மட்டுமல்ல, உள்ளத்தில் நிகழ்ந்தது உடம்பு முழுவதும் தோன்றிப் பிறருக்கும் புலப்படுவது மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, அச்சம், வியப்பு, சினம் முதலாக அது எட்டு வகை. உரையாசிரியர்கள், குறிப்பாகப் பேராசிரியர், இதற்குள் ஒரு சங்கிலியைப் பார்த்தார்கள். முதலில் வெளியே ஒரு பொருள், புலி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, கண்ட பொறியின் வழியே வரும் சுவை. அதன்பின் உள்ளத்தில் எழும் குறிப்பு. கடைசியாக உடம்பில் தோன்றும் மாற்றம்: மயிர் சிலிர்த்தல், வியர்த்தல், நடுங்குதல், கண்ணீர் அரும்புதல். இந்தக் கடைசிக் கண்ணிக்குச் சத்துவம் என்று பெயர். விறல் என்றும் சொல்வார்கள். விறல் என்றால் நமக்கு வெற்றியும் வலிமையும்தான் நினைவுக்கு வரும்; உள்ளக் குறிப்பு உடம்பில் வெளிப்படுவதும் விறல்தான். அது புலப்பட ஆடியவள் விறலி.

இந்தச் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கண் கூச்சத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடுகிறது. கூச்சத்தில் பொருள் உண்டு, அது ஒளி. பொறியும் உண்டு. உடம்பின் மாற்றமும் உண்டு. நடுவில் உள்ளக் குறிப்பு என்ற கண்ணி மட்டும் இல்லை. பொறியிலிருந்து நேரே தசைக்குத் தாவிவிடுகிறது. அது மெய்யில் படுகிறது, மெய்ப்பாடு ஆகாது. பார்க்கிறவருக்கோ கடைசிக் கண்ணி ஒன்றுதான் தெரியும். அதிலிருந்து பின்னோக்கி நடந்து, இல்லாத நடுக்கண்ணியைத் தானே கோத்துவிடுகிறார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எட்டு மெய்ப்பாடுகளுக்கும் தொல்காப்பியர் நிலைக்களன் சொல்கிறார், ஒவ்வொன்றுக்கும் நான்கு. வெகுளிக்கு அவர் தருபவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பை வெட்டுதல், குடியைக் கெடுத்தல், வைது அடித்து வருத்துதல், கொல்லுதல். புருவம் எப்படி வளையும், கண் எப்படிச் சிவக்கும் என்ற வர்ணனை அந்தப் பட்டியலில் இல்லை. என்ன நடந்தால் அந்த உணர்ச்சி பிறக்கும் என்பதைத்தான் வரிசைப்படுத்துகிறார். முகத்தின் வடிவத்தை அல்ல, சூழலை. இலக்கணம் செய்தவருக்கு இருந்த நோக்கம் வேறு. அதை அறிவியல் முன்னறிவிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உணர்ச்சியை எங்கே தேட வேண்டும் என்பதில் அவருடைய திசை சரியாக இருந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆய்வு வேறு திசையில் போயிற்று. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன், அடிப்படை உணர்ச்சி ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் பொதுவான ஒரு முகம் உண்டு என்று வாதிட்டார். அவரும் வாலஸ் ஃபிரீசனும் 1978-இல் வெளியிட்ட முகச்செயல் குறியீட்டு முறை இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. அதில் புருவம் இறங்குவது 4-ஆம் எண், கன்னம் ஏறுவது 6, இமை இறுகுவது 7. கோபம், மகிழ்ச்சி என்று அதில் எழுதவில்லை. அசைவை மட்டும் எண்ணால் குறித்தார்கள். அந்த நிதானம் பாராட்டத்தக்கது. பின்னால் வந்தவர்கள் எண்ணிலிருந்து உணர்ச்சிக்குச் சுலபமாகத் தாவினார்கள். லீசா ஃபெல்ட்மன் பாரட்டும் இன்னும் நான்கு அறிஞர்களும் 2019-இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி ஒரு நீண்ட மதிப்பீட்டை வெளியிட்டார்கள். கோபப்படுகிறவர் புருவம் நெரிப்பது தற்செயலைவிட அதிகம்தான், ஆனால் பெரும்பாலான தடவை அவர் நெரிப்பதில்லை; நெரிக்கிறவர்களில் பலருக்குக் கோபமும் இல்லை என்பது அவர்கள் கண்டது. யோசிக்கிறவரும் நெரிக்கிறார், வயிற்றுவலிக்காரரும் நெரிக்கிறார்.

மெய் என்ற சொல்லின் விரிவுக்குச் சான்றாக நான் வைத்துக்கொள்வது 2012-இல் ஹிலெல் அவியேசர், யாக்கோவ் டிரோப், அலெக்சாண்டர் டோடரோவ் மூவரும் வெளியிட்ட ஆய்வு. முக்கியமான புள்ளியை வென்ற, அல்லது தோற்ற அந்தக் கணத்தில் டென்னிஸ் வீரர்களை எடுத்த படங்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. முகத்தை மறைத்து உடம்பை மட்டும் காட்டியபோது சொன்னார்கள். வென்றவரின் முகத்தைத் தோற்றவரின் உடம்பில் ஒட்டினால் அந்த முகமே தோற்ற முகமாகத் தெரிந்தது. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது முகத்தைவிட உடம்பு தெளிவாகப் பேசுகிறது. உப்பளத்திலும் நெருக்கமாக முகத்தை மட்டும் எடுக்கும் கேமரா, இருக்கிற சான்றில் பாதியை வெளியே விட்டுவிடுகிறது. தோள் எப்படி இருக்கிறது, கை என்ன செய்கிறது, பக்கத்து ஆளிடம் எவ்வளவு நெருங்கி நிற்கிறார் என்பதெல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன.

மெய்ப்பாட்டுச் சங்கிலி எதிர்த்திசையிலும் ஓடுமா? வெயிலால் நெரிந்த புருவம் உள்ளே போய்ச் சிறிது கோபத்தை உண்டாக்குமா? இத்தாலியில் டேனியேலே மார்ட்சோலி குழுவினர் 2013-இல் இதைச் சோதித்தார்கள். வெயிலுக்கு எதிரே கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்து வந்தவர்கள், வெயிலுக்கு முதுகு காட்டி நடந்தவர்களையும் கண்ணாடி அணிந்தவர்களையும் விட, கோபத்தையும் சீற்றத்தையும் அளக்கும் கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் பெற்றார்கள். கவர்ச்சியான முடிவு. ஆனால் இந்தத் துறையில் எச்சரிக்கை வேண்டும். பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு வாயைச் சிரிப்பு வடிவத்தில் வைத்திருந்தால் நகைச்சுவைப் படம் அதிக வேடிக்கையாகத் தெரியும் என்ற 1988-ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற சோதனையை, 2016-இல் பதினேழு ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2022-இல் நிக்கலஸ் கோல்ஸ் தலைமையில் 19 நாடுகளில் 3,878 பேரிடம் நடந்த ஆய்வு, சிரிக்கும் முகத்தைப் பார்த்து அதைப்போல் முகத்தை வைத்துக்கொண்டால் மகிழ்ச்சி சிறிது கூடும் என்று காட்டியது. பேனா முறைக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. முகத்திலிருந்து மனத்துக்கு ஒரு வழி இருக்கிறது, மெல்லிய வழி என்பதே இப்போதைக்கு நிலவும் படம். நாள் முழுவதும், மாதக்கணக்கில் புருவம் நெரிந்தே இருக்கும் வேலையில் அந்த மெல்லிய வழி என்ன செய்கிறது என்று யாராவது உப்பளத்துக்கே வந்து அளக்க வேண்டும்.

கேமராவில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வதாக விற்கப்படும் மென்பொருள்களுக்கும், புருவத்தை மட்டும் வைத்து மனத்தைச் சொல்ல முடியாது என்பது பொருந்தும். கற்றுக்கொடுத்த படங்களில் நெரிந்த புருவத்துக்குக் 'கோபம்' என்று பெயர் போட்டிருந்தால், மரக்காணத்தில் அது எல்லோரையும் கோபக்காரர் என்று எழுதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலையிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் இத்தகைய உணர்ச்சி கண்டறியும் கருவிகளுக்கு, மருத்துவம், பாதுகாப்பு போன்ற விலக்குகளோடு, தடை விதித்திருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தொழிலாளியின் முகத்தை வைத்து அவருடைய மனநிலைக்கு மதிப்பெண் போடும் கருவி நம் ஊர் ஆலைகளுக்கு வரும் முன்பே இங்கும் அப்படி ஒரு தடை வேண்டும்.

முகத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. புருவம் நெரிவது ஒரு காவல், ஆனால் குறைவான காவல். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழிமேல் சதைப் படலம் வளர்வதற்கும், கண்புரைக்கும் காரணிகளில் ஒன்று. அந்தச் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில்தான் வளர்கிறது. காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக நுழையும் கதிர்களைக் கருவிழியின் வளைவு எதிர்ப் பக்கத்து விளிம்பில் குவிக்கிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ விளக்கினார். ஆகவே முன்பக்கம் மட்டும் மறைக்கும் கண்ணாடி உப்பளத்துக்குப் போதாது. வெறும் கறுப்புச் சாயம் பூசிய மலிவான கண்ணாடியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்து, கண்மணித் துளையை விரியவைத்து, தடுக்கப்படாத புற ஊதாக் கதிரைக் கூடுதலாக உள்ளே விட்டுவிடும். நீர்ப்பரப்பில் தெறித்து வரும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வதால், அந்த அதிர்வை மட்டும் தடுக்கும் தளவிளைவுக் கண்ணாடி பாத்தியின் மினுமினுப்பை அடக்கி, அடியில் உப்பு எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதையும் காட்டும். உலர்ந்த அம்பாரத்திலிருந்து சிதறும் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்வதால் அங்கே அதற்கு அந்தத் தனித் திறமை இல்லை; சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அளவுக்குத்தான் உதவும்.

உப்பளத்துக்கென்று ஒரு கண்ணாடி செய்கிறவர் இவற்றையெல்லாம் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டிலும் கன்னத்துப் பக்கம் கீழேயும் மூடியிருக்க வேண்டும். ஆனால் வியர்வையின் ஆவி உள்ளே தேங்காமல் காற்று போகவேண்டும். தலைத்துண்டின் மேலேயே கட்டிக்கொள்ளும்படி நாடா வேண்டும். தெறித்த உப்புநீர் காய்ந்து வெள்ளையாகப் படியும்போது முந்தானையால் துடைத்தால் படிகம் கண்ணாடியைக் கீறிவிடும். ஒரு கை நல்ல தண்ணீரில் அலசினால் போதும் என்ற வகையில் அது இருக்க வேண்டும். அந்த நல்ல தண்ணீர் குடிக்கவே குடத்தில் அளவாக வரும் இடத்துக்கான கண்ணாடி அது.